பதினேழாம் குடும்பம்

ஆய்வுக்கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எலியம்மா என்றால்தான் தெரியும். வாசலில் நிற்கும் காவலாளியிலிருந்து மேல்மாடியில் உட்கார்ந்திருக்கும் இயக்குநர் வரைக்கும் அப்படித்தான். கோபப்பட்டுப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் அவளே போனை எடுத்து "எலியம்மா பேசறேன்" என்று சொல்லும் அளவுக்கு அது ஒட்டிக்கொண்டுவிட்டது.

அவள் வளர்த்த எலிகள் சாதாரண எலிகள் இல்லை. எல்லாம் பிறவிச் செவிடு. கூண்டில் விட்டால் நேராக நடக்கத் தெரியாது, வட்டமடித்துக்கொண்டே இருக்கும். காதுக்குள்தான் கேட்கிற உறுப்பும் இருக்கிறது, உடம்பை விழாமல் நிறுத்துகிற உறுப்பும் இருக்கிறது. ஒரு ஜீனில் ஒரே ஒரு எழுத்து பிசகினால் இரண்டும் போச்சு. மனிதர்களுக்கு அதோடு விடுவதில்லை. அதே ஜீன்தான் கண்ணுக்குள் இருக்கும் விழித்திரைக்கும் காவல். பிறக்கும்போதே காது போய்விடும், நடை தாமதமாகும். கொஞ்சம் வளர்ந்த பிறகு இருட்டில் கண் தெரியாது. அப்புறம் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, ஒருநாள் நடுவிலும் ஒன்றும் மிஞ்சாது. இந்த வியாதியைத்தான் எலியம்மா சின்ன வயதிலிருந்தே கட்டிக்கொண்டு அழுதாள். கல்யாணம் எப்போது என்று கேட்பவர்களிடம், "எலிங்களை யாரு பாத்துக்கறது?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள்.

ஏன் இந்தத் துறைக்கு வந்தாள் என்றால் அண்ணனால்தான். அண்ணனுக்கு ஒரு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து இரண்டு காதும் போய்விட்டது. அது பரம்பரையில் வந்ததல்ல. அவள் ஆராய்ச்சிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் அவனோடு கையால் பேசிப் பேசி வளர்ந்தவள் அவள். காது கேளாதவர்களை யாராவது இளக்காரமாகப் பேசினால் சுருக்கென்று கோபம் வந்துவிடும்.

அண்ணன் மேசை நாற்காலி செய்யும் பட்டறையில் வேலை பார்த்தான். மரம் அறுக்கும் இயந்திரம் போடும் கூச்சலில் மற்றவர்கள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு தலைவலி தலைவலி என்று புலம்புவார்கள். அவன் அதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டே இழைப்பான். அண்ணி காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்குப் பிறவியிலேயே கேட்காது. அது வேறு ஜீன், கண்ணைத் தொடாத ஜீன். அவர்கள் வீட்டில் எல்லாப் பேச்சும் கையால்தான். இங்கே வாய்ப்பேச்சு மாதிரி எழுதியிருப்பது நம் வசதிக்காக. புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் பார்க்க வேடிக்கையாக இருக்கும். கையில் இருக்கிற தட்டைக் கீழே வைத்தால்தானே திட்ட முடியும்? வைப்பதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடும்.

அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தது. வாண்டு என்று கூப்பிட்டார்கள். காதைச் சோதித்த டாக்டர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, குழந்தைக்குக் கேட்காது என்றார். அழுவார்கள் என்று எதிர்பார்த்து மேசைமேல் இருந்த காகிதக் கைக்குட்டைகளை அவர்கள் பக்கம் நகர்த்தி வைத்தார். கூட வந்திருந்த எலியம்மா அதைக் கையால் சொன்னதும் அண்ணனும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

"நம்ம ஆளு" என்றான் அண்ணன்.

இதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது? "சரின்னு சொல்றாங்க" என்று எலியம்மா மழுப்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவளுக்கு மனசு ஆறவில்லை. காதுக்குள் வைக்கிற கருவி ஒன்று இருக்கிறது. அறுவை செய்து வைத்தால் சத்தத்தை மின்சாரமாக்கி நேராக நரம்புக்கு அனுப்பும். சின்னக் குழந்தையாக இருக்கும்போதே வைத்துவிட வேண்டும். வயது ஏற ஏற மூளை சத்தத்தைப் பேச்சாகப் பிரித்தெடுக்கும் பழக்கத்துக்கு வராமலே போய்விடும். அதை எலியம்மா விளக்கமாகச் சொன்னாள். அண்ணன் கடைசிவரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் பொண்ணுக்கு என்ன குறைன்னு ரிப்பேர் பண்ண வந்துட்டே?" என்று கேட்டான்.

"குறைன்னு யாரு சொன்னா? காதும் இருக்கட்டும், கையும் இருக்கட்டும்."

"அவ வாயால பேச ஆரம்பிச்சா எங்ககிட்ட வந்து என்ன பேசுவா? எங்க வீட்டுலயே அவ விருந்தாளி ஆயிடுவா. நீ வேணா அவகூட பேசிக்கலாம்."

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எலியம்மா விடுவாளா? எல்லாம் தெரிந்தவள் என்கிற நினைப்பு ஒன்று அவளுக்கு எப்போதுமே உண்டு. ஒருநாள் அண்ணி பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரமாகப் பார்த்துப் போய், "வாண்டு காதுல சீழ் மாதிரி தெரியுது அண்ணி, நான் காட்டிட்டு வந்துடறேன்" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். சீழும் இல்லை, ஒன்றும் இல்லை. கருவி வைக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய், தலையைப் படமெடுத்து, உள்காது ஒத்துவருமா என்று பார்த்துவிட்டு வந்தாள். தெரிந்துகொள்வதில் என்ன தப்பு என்று தனக்குத் தானே சமாதானம் வேறு.

மருத்துவமனைக்காரர்கள் கெட்டிக்காரர்கள். உங்கள் குழந்தை அறுவைக்குத் தகுதியானவள், தேதி சொல்லுங்கள் என்று தாயின் போனுக்கே செய்தி அனுப்பிவிட்டார்கள். அண்ணி போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினாள். எலியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், கையெடுத்தாள். அண்ணன் அவளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். கையால் பேசுகிறவன் கண்ணை மூடிக்கொண்டால் அதற்கு மேல் அவனிடம் யாராலும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அவள் அவன் தோளைத் தொட்டாள், தட்டினாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழக்கூடச் செய்தாள். அவன் கண்ணைத் திறக்கவில்லை.

பல மாதம் கழித்துத்தான் பேச்சுவார்த்தை மறுபடி துளிர்த்தது. அதுவும் அண்ணி மனசு வைத்ததால். அந்தச் சமயத்தில் ஆய்வுக்கூடத்துக்குக் காது கேளாத, ஆனால் கண் நல்லபடியாக இருக்கிற குடும்பங்களின் ரத்தம் தேவைப்பட்டது. வியாதிக்காரர்களின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. எலியம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"உன் எலிங்களுக்குத்தானே? எடுத்துக்கோ" என்று அண்ணி சட்டைக் கையை மடித்துவிட்டாள். அண்ணனும் கையை நீட்டினான். சமாதானம் ஆகிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். குழந்தை மட்டும் ஊசியைப் பார்த்து வீட்டையே இரண்டாக்கியது. அந்த அலறல் எலியம்மா ஒருத்திக்குத்தான் கேட்டது.

ஆராய்ச்சிக்கென்று வாங்கும் ரத்தத்துக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். முடிவு யாருக்கும் சொல்லப்படாது என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். அண்ணன் வீடு பதினேழாம் குடும்பம் ஆயிற்று. குழாய்களில் எண்ணை ஒட்டியது எலியம்மாவின் கைதான் என்பதால் அவளுக்கு மட்டும் அது யாரென்று தெரியும்.

வாண்டுக்கு நடக்கிற வயது வந்தது, போனது. உட்காரவே தாமதம். தலை நின்றதும் தாமதம்தான். நிற்கவைத்தால் இரண்டு காலையும் அகட்டி வைத்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சரிந்து, தொப்பென்று விழுவாள். "சோம்பேறிக் கழுதை" என்று அண்ணி அவளைத் தூக்கி முத்தம் கொடுப்பாள். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் இரண்டு வயதில் தெருவில் ஓடிக்கொண்டிருக்க, வாண்டு நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாள்.

எலியம்மா அதைப் பார்த்தது ஒரு விடுமுறை நாளில். அண்ணி கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த நடையை அவள் தினமும் கூண்டில் பார்க்கிறவள். டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் முதல் வேலையாகப் பதினேழாம் குடும்பத்தை எடுத்துப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது, பார்த்தாள். தகப்பனிடம் அதே ஜீனின் பழுதான பிரதி ஒன்று. தாயிடம் ஒன்று. தனித்தனியாக இருந்தால் அவை யாரையும் ஒன்றும் செய்யாது. காய்ச்சலில் காது போனவனும், வேறு ஜீனில் காது போனவளும், தங்களுக்கே தெரியாமல் இதையும் ஆளுக்கொன்றாகச் சுமந்திருக்கிறார்கள். பிள்ளையிடம் இரண்டும் வந்து சேர்ந்துவிட்டன. வாண்டுக்குக் கண்ணும் போகப் போகிறது. உலகத்தில் இத்தனை பேர் இருக்க, இவள் வீட்டில்தானா வந்து விடிய வேண்டும்? மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். பக்கத்து மேசைக்காரி எந்த எலி செத்தது என்று விசாரித்தாள்.

அழுது முடித்ததும் கணக்குப் போட்டாள். கண்ணுக்கு மருந்து கிடையாது. அவள் எலிகளுக்கே இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் காது? கருவியை இப்போதே வைத்துவிட்டால் கண் மங்குவதற்குள் பிள்ளை கேட்கவும் பேசவும் கற்றுக்கொண்டுவிடும். கண் போனாலும் குரல் இருக்கும். இந்த இரண்டு மூன்று வருஷத்தை விட்டால் அதுவும் இல்லை. கையால் பேசுவது கண் இருக்கிறவரைக்கும்தான்.

இயக்குநரிடம் ஓடினாள்.

"இது ஆஸ்பத்திரி இல்லம்மா" என்றார் அவர். "முடிவு சொல்ல மாட்டோம்னு நாமதானே எழுதிக் கொடுத்தோம்? அதுவும் இது ஆராய்ச்சிக்குச் செஞ்ச சோதனை. இதை வச்சு யாருக்கும் வைத்தியம் பாக்க முடியாது."

"அது என் அண்ணன் பொண்ணு சார்."

"யாரோட ரத்தம்னு தெரியாம பாக்கணும்கிறதுதானே விதி? நீங்க எப்படிப் பாத்தீங்க?"

அவள் எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அவங்களா ஆஸ்பத்திரிக்குப் போய், எழுதிக் கொடுத்து, புதுசா ரத்தம் எடுத்து, அங்க சொல்லட்டும். நீங்க வாயைத் திறக்காதீங்க. எனக்கு உங்க கஷ்டம் புரியுது."

புரியுது என்று சொல்லிவிட்டால் கடமை முடிந்தது. வாயைத் திறக்காதே என்றுதானே சொன்னார், கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று அவள் நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

அண்ணன் தரையில் உட்கார்ந்து, வாண்டு பிடித்துக்கொண்டு நடப்பதற்காகச் சுவரோரம் அடிக்க ஒரு நீளமான மரச்சட்டத்தை இழைத்துக்கொண்டிருந்தான். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, ஒண்ணு சொல்லணும். பதறாதே."

"அப்படிச் சொன்னாலே பதறும். சொல்லு."

சொன்னாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது ஒன்று, கையில் வந்தது ஒன்று. வாண்டுவின் நடை, எலிகளின் நடை, ரத்தம், கண். அண்ணி மடித்த துணியை மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள்.

"எனக்குக் காய்ச்சல்ல போச்சு" என்றான் அண்ணன். "இவளுக்குப் பிறவி. எங்க ரெண்டு பேருக்கும் கண்ணு எவ்வளவு கூர்மைன்னு உனக்கே தெரியும். புள்ளைக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சு?"

"உங்க ரெண்டு பேருகிட்ட இருந்துதான். ஆளுக்கு ஒண்ணு. வெளியில தெரியாது."

"அவ இப்ப நல்லாத்தானே பாக்கறா. தரையில கிடக்கற எறும்பைப் பொறுக்கி வாயில போடறா."

"இப்பப் பாப்பா. பெரியவளா ஆக ஆகத்தான் போகும்."

அண்ணன் முகம் மாறியது. இழைப்புளியைக் கீழே வைத்தான். அந்த ஒரு நிமிஷம் அவன் நம்பினான். அதை அவள் கண்ணால் பார்த்தாள். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். இரண்டு நாள், நாலு நாள் அவர்களை அழவிட்டிருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து கூட அழுதிருக்க வேண்டும். இவளுக்குத்தான் எதிலும் அவசரமாயிற்றே.

"அதுக்கு என்ன மருந்து?" என்று அவன் கேட்டான்.

"கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா இப்பவே காதுக்குள்ள கருவி வச்சிட்டா..."

அவ்வளவுதான். அண்ணன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

"வந்துட்டியா" என்றான். "சுத்திச் சுத்தி அங்கதான் வருவேன்னு எனக்குத் தெரியும்."

"இல்லண்ணா, சத்தியமா..."

"போன தடவை சீழு. இந்தத் தடவை கண்ணு. அடுத்த தடவை என்ன கொண்டு வருவே?"

"கண்ணுக்குன்னு ஒரு டெஸ்ட் இருக்கு. எடுத்துப் பாத்தா நீயே ஒத்துக்குவே. குழந்தைங்கிறதால கொஞ்சம் மயக்க மருந்து கொடுத்து..."

"மயக்க மருந்து கொடுத்துட்டுக் காதைக் குடைஞ்சு வச்சிடுவீங்க. ஆளை விடு."

எலியம்மா அண்ணி பக்கம் திரும்பினாள். அண்ணி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது கேளாதவர்களுக்கு முகம் பார்க்கத் தெரியும். குரலை வைத்து ஏமாற்றுகிற வேலை அவர்களிடம் நடக்காது என்று ஊரில் சொல்லுவார்கள்.

"நெசமா?" என்று கேட்டாள் அண்ணி.

"நெசம் அண்ணி."

"சீழுன்னு சொன்னப்பவும் முகத்தை இப்படித்தான் வச்சிருந்தே."

எலியம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

அண்ணன் ஒன்றும் முட்டாள் இல்லை. பெற்ற தகப்பன் வேறு. உள்ளூர ஒரு பயம் இருந்திருக்க வேண்டும். தங்கையிடம் சொல்லாமல், துணைக்கு யாரையும் கூப்பிடாமல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருமுனையில் இருக்கும் கண் டாக்டரிடம் போனான். பிள்ளைக்குக் கண் தெரிகிறதா என்று எழுதிக் காட்டினான். அந்த டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். சிவப்புப் பந்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பார்த்தார். வாண்டு பந்தைப் பிடுங்கிக்கொண்டு தரமாட்டேன் என்றாள். கண் மிக நன்றாக இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அவர் மேல் பழி சொல்ல முடியாது. அந்த வயதில் அந்த வெளிச்சத்தில் அந்தக் கண் நன்றாகத்தான் இருந்தது. அந்தச் சீட்டைப் படமெடுத்து அண்ணன் தங்கைக்கு அனுப்பினான்.

அதன் பிறகும் எலியம்மா போனாள். மணியை அமுக்கினால் அவர்கள் வீட்டுக்குள் சத்தம் வராது, பல்பு மின்னும். மின்னுவது வெளியே ஜன்னல் கண்ணாடியில் தெரிந்தது. திரைக்குப் பின்னால் ஆள் வந்து நிற்பதும் தெரிந்தது. கதவு திறக்கவில்லை. இன்னொரு நாளும் அப்படியே. மூன்றாவது முறை, மழையில் நனைந்துகொண்டு பல்பை மின்னவைத்துக்கொண்டே நின்றபோது அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. எக்கேடோ கெட்டுப் போங்கள், படட்டும், அப்போது தெரியும் என்று வாய்விட்டுச் சொன்னாள். கேட்க ஆள் இல்லாத வாசலில் நின்று அதைச் சொன்னாள். யாரும் கேட்கவில்லை என்றாலும் சொன்னது சொன்னதுதான். அதற்கப்புறம் போவதை நிறுத்திவிட்டாள். நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாம், வேறு யாரையாவது தூது விட்டிருக்கலாம். அண்ணன் சொல்லை மீறி ஒரு தடவை செய்ததற்கே இந்தப் பாடு என்று அவளுக்குப் பயம். பயம் பாதி, வீம்பு மீதி.

வருஷங்கள் போயின. எலியம்மா எழுதிய கட்டுரை ஒன்று பெரிய பேர் வாங்கியது. காது கேளாத குழந்தை நடக்கத் தாமதித்தால் உடனே கண்ணைச் சோதியுங்கள் என்பதுதான் அதன் சாரம். அதில் பதினேழாம் குடும்பம் ஒரு முக்கியமான உதாரணம். எங்கெங்கோ இருந்த மருத்துவமனைகளில் அதை வைத்துக் குழந்தைகளைச் சோதித்தார்கள், கருவி வைத்தார்கள். ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தக் குடும்பத்துக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கூட்டத்தில் ஒரு இளைஞன் கேட்டான். தொடர்பில் இல்லை என்று எலியம்மா பதில் சொன்னாள். கட்டுரையிலும் அப்படித்தான் போட்டிருந்தாள்.

வாண்டுக்கு ஒன்பது வயது முடிந்திருந்தபோது அண்ணனிடமிருந்து செய்தி வந்தது. வா என்று ஒரே வார்த்தை.

அன்று சாயங்காலமே போனாள். மணியை அமுக்குவதற்குள் கதவு திறந்தது. அண்ணனுக்கு முன்தலை நரைத்திருந்தது. உள்ளே கூடத்தில், வாசல் பக்கத்து ஜன்னலோரம் இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டு வைத்திருந்தான். அண்ணியைக் காணோம். சமையலறையில் பாத்திரங்கள் கன்னாபின்னாவென்று உருளும் சத்தம் மட்டும் கேட்டது. தான் போடுகிற சத்தம் அவளுக்குத் தெரியாது.

"பள்ளிக்கூடத்துல சாயந்தரம் விளையாடிட்டு வரும்போது படிக்கட்டுல விழுந்துட்டா" என்றான் அண்ணன். "பக்கத்துல நின்னு கையாட்டிக் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறா. திமிருன்னு நெனச்சு அடிச்சேன். ரெண்டு தடவை அடிச்சேன்."

எலியம்மா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். நீ சொன்ன அந்த டெஸ்ட் எடுத்தாங்க. நீ சொன்னதைத்தான் சொன்னாங்க. உன் பேரையே சொன்னாங்க. உங்க வீட்டுலயே இவ்வளவு பெரிய நிபுணரை வச்சுக்கிட்டு ஏன் இத்தனை நாள் வரலைன்னு கேட்டாங்க."

அவன் கை சிறிது நேரம் மடியில் கிடந்தது. தச்சன் கை, காய்ப்பு ஏறிய கை. மறுபடி அதைத் தூக்குவதற்கே அவனுக்குச் சிரமமாக இருந்தது.

"பழசைப் பேச வேண்டாம்" என்றான். "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அந்தக் கருவியை இப்ப வைக்கலாமா?"

இத்தனை வருஷமாக அவள் எத்தனை முறை மனசுக்குள் இந்தக் காட்சியை நடத்திப் பார்த்திருப்பாள்! அவன் வந்து கேட்பான், அன்றைக்கே சொன்னேனே என்று இவள் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பாள். அந்த நாலு வார்த்தையில் ஒன்றுகூட இப்போது வரவில்லை. பொய் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. வைக்கலாம், எல்லாம் சரியாகிவிடும் என்று.

"வைக்கலாம்" என்றாள். "வச்சா சத்தம் கேக்கும். கதவு சாத்தறது, வண்டி வர்றது, யாரோ கூப்பிடறது, அது மாதிரி. அதுவும் உபயோகம்தான்."

"பேச்சு?"

"பேச்சு புரியறது ரொம்பக் கஷ்டம் அண்ணா. வயசு தாண்டிடுச்சு. மூளைக்கு இனிமே அது வெறும் இரைச்சல்தான். கொஞ்சம் தேறலாம். கண்ணு போனப்புறம் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது."

அவன் எழுந்து நின்று கத்துவான், கண்ணை மூடிக்கொள்வான், வெளியே போ என்பான் என்று அவள் காத்திருந்தாள். பொய் சொல்றே என்று அவன் சொல்ல வேண்டும் என்று ஆசையாக இருந்தது. வேறு டாக்டரைப் பார்க்கிறேன் என்றாவது சொல்லக் கூடாதா? அவன் தலையை ஆட்டினான். சரி என்கிற மாதிரி. அவள் சொன்னதை அப்படியே நம்பினான்.

"கண்ணு முழுக்கப் போனப்புறம் நாங்க அவகிட்ட எப்படிப் பேசறது?"

"கைக்குள்ள கையை வச்சு. நீ பேசப் பேச அவ உன் கையைத் தொட்டுப் பாத்துப் புரிஞ்சுக்குவா. இப்பவே பழக்கணும். நான் ஆள் பாக்கறேன்."

"அப்ப ஒரு நேரத்துல ஒருத்தர்கிட்டதான் பேச முடியும்."

"ஆமா."

"பக்கத்துல யாரும் இல்லைன்னா?"

அவள் பதிலுக்குக் கையைத் தூக்கினாள். அந்த நேரம் பார்த்து நடையில் ஏதோ அசைந்தது. உள்ளறை வாசலில் வாண்டு வந்து நின்றிருந்தாள். நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள், அண்ணியின் மூக்கு. ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, கூடத்தைப் பார்த்துச் சிரித்த முகமாக நின்றாள். ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பேச்சு மும்முரத்தில் அண்ணன் விளக்கைப் போட்டிருக்கவில்லை.

எலியம்மா சட்டென்று இரண்டு கையையும் மடிக்குள் இறக்கிக்கொண்டாள். கையால் பேசுகிற வீடுகளில் பெரியவர்கள் ரகசியம் பேசும்போது குழந்தை வந்துவிட்டால் அப்படித்தான் செய்வார்கள். சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம். கண்ணால் மட்டும் அண்ணனுக்கு ஜாடை காட்டினாள், பிள்ளை பார்க்கிறாள் என்று.

அண்ணன் திரும்பிப் பார்த்தான். பெண்ணை ஒரு நிமிஷம் பார்த்தான். அப்புறம் தங்கையின் மடியில் கிடந்த கைகளைப் பிடித்து மேலே தூக்கி, பழைய இடத்தில் வைத்தான்.

"சொல்லு, பரவாயில்ல" என்றான். "இந்த வெளிச்சத்துல நம்ம கை அவளுக்குத் தெரியாது."

வாண்டு அங்கேயே நின்று, யாராவது கூப்பிடுவார்கள் என்று அவர்கள் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.